மனித மதிப்பீடும் செயல்திறனும்: ஆய்வேடு எழுதும் மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இளநிலை, முதுநிலை இறுதியாண்டு ஆய்வேட்டுக்காக இந்தத் தலைப்பைத் தேடி வரும் மாணவர்களிடம் பல ஆண்டுகளாகப் பேசிவருகிறேன். உளவியல், புள்ளியியல், வணிகவியல், வேளாண்மை என்று எந்தத் துறையிலிருந்து வந்தாலும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றுக்கான விடைகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

மதிப்பீடு, செயல்திறன் என்னும் சொற்களை இந்த ஆய்வில் எந்தப் பொருளில் எடுத்துக்கொள்ள வேண்டும்?

முழுத் தகவலும் கையில் இல்லாத நிலையில், கண்டதையும் பழகியதையும் கொண்டு ஒருவர் எட்டும் முடிவே மதிப்பீடு. எக்ஸ்ரே படத்தைப் பார்த்துக் காசநோயாக இருக்கலாம் என்று மருத்துவர் சொல்வதும், கட்டுரையைப் படித்து ஆசிரியர் நூற்றுக்கு 62 போடுவதும், மேற்கே கறுத்த வானத்தைப் பார்த்து இன்று களத்தில் நெல்லைக் காயப்போட வேண்டாம் என்று விவசாயி முடிவெடுப்பதும் மதிப்பீடுகள்தாம். அந்த முடிவு உண்மைக்கு எவ்வளவு அருகில் வருகிறது, அடுத்த முறையும் அதே அளவு அருகில் வருமா என்பதே செயல்திறன்.

இரண்டையும் இணைத்து அளக்க விரும்புபவர் முதலில் கடைப்பிடிக்க வேண்டிய விதி ஒன்று உண்டு. உண்மை தெரியவருவதற்கு முன்பே மதிப்பீட்டை எழுத்தில் வாங்கிவிட வேண்டும். நடந்து முடிந்த பிறகு கேட்டால், "எனக்கு அப்போதே தெரியும்" என்ற பதில்தான் கிடைக்கும். அப்படிச் சொல்பவர் பொய் சொல்லவில்லை. அவருடைய நினைவே மாறிவிட்டது. 1972-இல் அமெரிக்க அதிபர் நிக்சன் பீகிங்குக்கும் மாஸ்கோவுக்கும் புறப்படுமுன், அப்பயணங்களில் என்னென்ன நடக்கலாம் என்பதற்கான வாய்ப்பை இஸ்ரேலிய மாணவர்களிடம் எண்களாக எழுதி வாங்கினார்கள் பருக் ஃபிஷ்ஹாஃபும் ரூத் பெய்த்தும். பயணம் முடிந்த பிறகு, முன்பு எழுதிய எண்களை நினைவுபடுத்தி எழுதச் சொன்னபோது, நடந்துவிட்டதாக நம்பிய நிகழ்ச்சிகளுக்குத் தாங்கள் உண்மையில் கொடுத்ததைவிட அதிக வாய்ப்பைக் கொடுத்திருந்ததாகவே பெரும்பாலோர் எழுதினார்கள். 1975-இல் வெளிவந்த அந்த ஆய்வுக்குத் தேவைப்பட்டவை தாளும் பேனாவும் சிறிது பொறுமையும் மட்டுமே.

இது பெரிய ஆய்வகங்கள் செய்யும் வேலை அல்லவா? மாணவர்கள் செய்து என்ன பயன்?

இத்துறையின் அடித்தளத்தில் மாணவர்களின் உழைப்பு நிறைய இருக்கிறது. சிவப்பு என்ற சொல்லைப் பச்சை மையில் எழுதிக் காட்டி மையின் நிறத்தைச் சொல்லச் சொல்லும் சோதனை, ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் தம் முனைவர் பட்டத்துக்காகச் செய்து 1935-இல் வெளியிட்டது. சதுரங்க வீரர்களின் சிந்தனையைப் பற்றி இன்றும் பேசப்படும் அட்ரியான் டி குரூட்டின் ஆய்வும் 1946-இல் ஆம்ஸ்டர்டாமில் முனைவர் பட்ட ஆய்வேடாகவே தொடங்கியது.

ஆனால் மாணவர்களுக்கு நான் முதலில் சொல்வது நோபிள் ஹார்ட்டரைப் பற்றித்தான். இந்தியானா பல்கலைக்கழகத்தில் படிக்க வருவதற்கு முன் அவர் தந்தி அனுப்பும் வேலையில் இருந்தவர். புதிதாகச் சேர்ந்தவருக்கு வெறும் கட்கட ஒலியாகக் கேட்பது, பழகிய காதுக்கு முழுச் சொற்களாகக் கேட்கிறது என்பதை வேலையிலேயே கண்டிருந்தார். தம் ஆசிரியர் வில்லியம் லோவ் பிரையனுடன் சேர்ந்து, தந்திக்காரர்கள் நிமிடத்துக்கு எத்தனை எழுத்துகளை அனுப்புகிறார்கள், எத்தனை எழுத்துகளைக் கேட்டு வாங்குகிறார்கள் என்பதை வாரக்கணக்கில் அளந்து வரைபடமாக்கினார். 1897-இலும் 1899-இலும் வந்த அந்த இரு கட்டுரைகளே திறன் வளர்ச்சியைப் பற்றிய ஆய்வின் தொடக்கமாகக் கருதப்படுகின்றன. கேட்டு வாங்கும் திறன் சில காலம் ஏறாமல் அப்படியே நின்று பிறகு மீண்டும் ஏறுகிறது என்று அவர்கள் எழுதியதைப் பிற்காலத்தில் மறுத்தவர்களும் உண்டு. ஆனாலும் ஹார்ட்டர் தமக்கு நன்கு தெரிந்த தொழிலைக் கேள்வியாக மாற்றினார் என்பதே மாணவர்களுக்குப் பாடம். அப்பா தையற்காரராகவோ, அம்மா பூக்கட்டுபவராகவோ, மாமா லாரி ஓட்டுநராகவோ இருந்தால், எந்த ஆய்வகத்திலும் கிடைக்காத நுழைவாயில் உங்கள் வீட்டிலேயே இருக்கிறது.

எந்தத் துறையைத் தேர்ந்தெடுப்பது?

மூன்றைப் பாருங்கள்: அந்தத் தொழிலில் தினமும் மதிப்பீடு நடக்க வேண்டும், அது சரியா தவறா என்பது விரைவில் தெரியவர வேண்டும், அதைக் கேட்கவும் அளக்கவும் உங்களை அங்கே விட வேண்டும். இம்மூன்றும் பொருந்தும் இடமாக நான் அடிக்கடி சொல்வது ஆட்டுச் சந்தையை.

எட்டயபுரத்திலோ செஞ்சியிலோ சந்தை நாளன்று விடியுமுன் போய் நின்று பாருங்கள். வியாபாரி ஆட்டின் முதுகெலும்பை ஒட்டி விரல்களை அழுத்திப் பார்ப்பார். இடுப்புக்குக் கீழே கை கொடுத்து அரை நொடி தூக்கி இறக்குவார். கறி எத்தனை கிலோ நிற்கும் என்பதை மனத்துக்குள் சொல்லிக்கொள்வார். அந்த எண்ணை வைத்துத்தான் விலை பேசுகிறார், ஆனால் அது எங்கும் எழுதப்படுவதில்லை. பேரம் தொடங்குமுன் ஆட்டின் உயிர் எடை எவ்வளவு என்ற அவருடைய ஊகத்தை ஒரு தாளில் வாங்கிக்கொண்டு, பிறகு ஆட்டைத் தொங்கு தராசில் நிறுத்தினால், ஒரு மதிப்பீடும் அதற்குரிய உண்மையும் கிடைத்துவிடும். கேட்கும்போது உயிர் எடையா, கறி எடையா என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இரண்டையும் கலந்து வாங்கிய தாள்கள் எதற்கும் உதவாது.

இதற்கு நல்ல முன்னோடியும் இருக்கிறது. 1906-இல் இங்கிலாந்தின் பிளிமத் நகரக் கால்நடைக் கண்காட்சியில், கொழுத்த மாடு ஒன்றை வெட்டிச் சுத்தம் செய்த பிறகு எவ்வளவு எடை இருக்கும் என்று ஊகிக்கும் போட்டி நடந்தது. ஆறு பென்ஸ் கட்டணம் கட்டி மக்கள் சீட்டு எழுதிப் போட்டார்கள். ஆங்கிலேய அறிவியலாளர் ஃபிரான்சிஸ் கால்டன் அச்சீட்டுகளைக் கேட்டு வாங்கி, படிக்க முடிந்த 787 சீட்டுகளை ஏறுவரிசையில் அடுக்கினார். நடுவில் நின்ற மதிப்பு 1207 பவுண்டு. உண்மையான எடை 1198 பவுண்டு. வேறுபாடு நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. நம் சந்தையில் பத்து வியாபாரிகளின் ஊகங்களின் இடைநிலை, அவர்களுள் மிகத் தேர்ந்தவரின் ஊகத்தைவிட உண்மைக்கு நெருங்குமா என்பது நல்ல ஆய்வுக் கேள்வி. வியாபாரிகள் ஒருவர் சொன்னதை மற்றவர் கேட்டுவிடாதபடி தனித்தனியாக எழுதி வாங்க வேண்டும் என்பது மட்டும் முக்கியம். ஒருவர் எண்ணைக் கேட்டு இன்னொருவர் தம் எண்ணைத் திருத்தினால், பத்துப் பேர் சொன்னதாகத் தோன்றினாலும் அது ஒருவர் சொன்னதற்கே சமம்.

வேளாண்மை மாணவர்கள் நெல் வயலில் இதைச் செய்யலாம். பயிர் அறுவடைப் பரிசோதனையில் 5 மீட்டருக்கு 5 மீட்டர் கட்டத்தை அறுத்து எடை போடுகிறார்கள் அல்லவா? அறுப்பதற்கு முன் அதே கட்டத்தைப் பார்த்து எத்தனை கிலோ தேறும் என்று வயல்காரரிடமும் அலுவலரிடமும் எழுதி வாங்கலாம். குன்னூர்ப் பக்கத்து மாணவர்களுக்குத் தேயிலைச் சுவைப்பாளர்கள் இருக்கிறார்கள். ஒரே தேயிலையை இரண்டு எண்களிட்டு வரிசையில் தள்ளித் தள்ளி வைத்தால், ஒரே நாக்கு இரண்டு முறையும் ஒரே மதிப்பைத் தருகிறதா என்று பார்த்துவிடலாம்.

எடை போட்டுப் பார்க்க முடியாத துறைகளில், மதிப்பீடு சரியா என்பதை எப்படிச் சோதிப்பது? உதாரணமாக, விடைத்தாள் திருத்துவது.

இந்தக் கேள்விக்கு நான் அதிக நேரம் செலவிடுவேன், ஏனென்றால் இது நம் மாணவர்களின் வாழ்க்கையையே தொடுகிறது. கட்டுரை விடைக்குச் சரியான மதிப்பெண் என்று தராசு எதுவும் காட்டாது. ஆனால் தராசு இல்லாவிட்டாலும் இரண்டை அளக்க முடியும்: ஒரே தாளுக்கு வெவ்வேறு ஆசிரியர்கள் எவ்வளவு வேறுபடுகிறார்கள் என்பது ஒன்று; ஒரே ஆசிரியர் அதே தாளைச் சில வாரம் கழித்துப் பார்க்கும்போது தம் பழைய மதிப்பெண்ணிலிருந்து எவ்வளவு விலகுகிறார் என்பது மற்றொன்று.

1912-இல் டேனியல் ஸ்டார்ச்சும் எட்வர்ட் எலியட்டும் ஒரே ஆங்கில விடைத்தாளின் நகல்களை 142 பள்ளி ஆசிரியர்கள் திருத்தக் கேட்டு வாங்கினார்கள். நூற்றுக்குக் கணக்கிட்ட மதிப்பெண்களில் மிகக் குறைந்ததற்கும் மிக அதிகமானதற்கும் இடையே 30-க்கும் மேற்பட்ட வேறுபாடு இருந்தது. மொழிப்பாடம் என்பதால்தான் அப்படி என்று சிலர் மறுத்தபோது, அவர்கள் அடுத்து வடிவியல் தாளை எடுத்துக்கொண்டார்கள். அதில் வேறுபாடு இன்னும் விரிந்தது. படிகளுக்கு மதிப்பெண் கொடுப்பதா, இறுதி விடைக்கு மட்டுமா, அலங்கோலமான கையெழுத்துக்குக் குறைப்பதா என்பதில் ஆளுக்கு ஒரு வழக்கம் இருந்ததே காரணம்.

நானும் விடைத்தாள் திருத்தும் முகாம்களில் உட்கார்ந்திருக்கிறேன். மிக அருமையான இரண்டு தாள்களைத் தொடர்ந்து படித்துவிட்டு மூன்றாவதாக வந்த சுமாரான தாளுக்கு 9 போட்டேன். மாலையில் கட்டைப் புரட்டி அதே தாளைத் தனியாகப் படித்தபோது 12 கொடுக்கத் தோன்றியது. தாளில் எந்த மாற்றமும் இல்லை. அதற்கு முன் நான் படித்தது மாறியிருந்தது, அவ்வளவுதான். அந்த மூன்று மதிப்பெண் ஒரு பிள்ளைக்குக் கல்லூரி இடமாக இருக்கலாம் என்ற எண்ணம் என்னை விட்டு இன்னும் அகலவில்லை. இத்துறையில் நான் தொடர்ந்து இருப்பதற்கு அதுவும் காரணம்.

செய்முறை எளிது. பெயரும் எண்ணும் நீக்கிய பத்து விடைகளைத் தட்டச்சு செய்யுங்கள், ஏனென்றால் கையெழுத்து வேறாக ஆராய வேண்டிய காரணி. எட்டு ஆசிரியர்களிடம் வெவ்வேறு வரிசையில் கொடுத்து மதிப்பெண் வாங்குங்கள். நான்கு வாரம் கழித்து, வரிசையை மாற்றி, மீண்டும் கொடுங்கள். பிறகு ஆசிரியர்களில் பாதிப் பேருக்கு மட்டும் விரிவான மதிப்பெண் பங்கீட்டுக் குறிப்பைச் சேர்த்துக் கொடுத்தால், அந்தக் குறிப்பு வேறுபாட்டைக் குறைக்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.

அனுபவம் கூடக்கூட மதிப்பீடு தானாகவே மேம்படும் அல்லவா?

எல்லாத் துறைகளிலும் அப்படி நடப்பதில்லை. டேனியல் கானமனும் கேரி கிளைனும் 2009-இல் சேர்ந்து எழுதிய கட்டுரை இதற்குச் சிறந்த வழிகாட்டி. கானமன் நிபுணர்களின் தவறுகளை ஆராய்ந்தவர். கிளைன் தீயணைப்புப் படைத் தலைவர்கள் நொடிப்பொழுதில் எடுக்கும் சரியான முடிவுகளை ஆராய்ந்தவர். எதிரெதிர் முகாம்களில் இருந்த இருவரும் ஒன்றில் உடன்பட்டார்கள். சூழல் ஒழுங்குடையதாக இருக்க வேண்டும், செய்ததன் விளைவு செய்தவருக்கு விரைவாகவும் தெளிவாகவும் திரும்பி வர வேண்டும். இவை இரண்டும் இருக்கும் இடத்தில்தான் அனுபவம் திறனாக மாறும். வானிலை முன்னறிவிப்பாளருக்கு மறுநாளே விடை தெரிகிறது. வேலைக்கு ஆள் எடுக்கும் நேர்காணல் குழுவுக்கோ, தாங்கள் தள்ளிவிட்டவர் எப்படி வேலை செய்திருப்பார் என்பது ஒருநாளும் தெரியவராது. இருபது ஆண்டு நேர்காணல் செய்தவருக்குத் தன்னம்பிக்கை இருபது ஆண்டு வளர்ந்திருக்கும். திறன் வளர்ந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

நிபுணர்கள் தங்களுக்குள் ஒத்துப்போவதாலேயே அவர்கள் சொல்வது சரி என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் மக்காச்சோளக் கதிர்களுக்குப் பரிசு தரும் நடுவர்களை ஆராய்ந்து ஹென்றி வாலஸ் 1923-இல் எழுதினார். பின்னாளில் அந்நாட்டின் துணை அதிபரானவர் இவர். நடுவர்கள் தங்களுக்குள் நன்றாகவே ஒத்துப்போனார்கள், கதிரின் நீளத்துக்கு எல்லாரும் அதிக மதிப்புக் கொடுத்தார்கள். ஆனால் அக்கதிரின் விதையை விதைத்தபோது கிடைத்த விளைச்சலோடு அவர்களின் மதிப்பெண்கள் அவ்வளவாகப் பொருந்தவில்லை.

பத்தாயிரம் மணி நேரம் பயிற்சி செய்தால் யாரும் நிபுணராகலாம் என்பதை ஆய்வில் மேற்கோள் காட்டலாமா?

அப்படியே காட்ட வேண்டாம். ஆன்டர்ஸ் எரிக்சனும் உடன் ஆய்வாளர் இருவரும் 1993-இல் பெர்லின் இசைக் கல்லூரி வயலின் மாணவர்களை ஆராய்ந்தபோது, மிகச் சிறந்த குழுவினர் 20 வயதுக்குள் செய்திருந்த பயிற்சியின் சராசரியாக அந்த எண் வந்தது. அது எல்லை அல்ல, வாக்குறுதியும் அல்ல. 2014-இல் புரூக் மெக்னமாராவும் உடன் ஆய்வாளர்களும் பல துறை ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஒருவருக்கொருவர் உள்ள திறன் வேறுபாட்டில் பயிற்சியால் விளக்க முடிந்த பங்கு சதுரங்கம் போன்ற ஆட்டங்களில் 26 விழுக்காடு, இசையில் 21, உடல் விளையாட்டுகளில் 18, கல்வியில் 4 என்று இருந்தது. தொழில்களில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. துறைக்குத் துறை இவ்வளவு மாறுவதே உங்களுக்கு ஆய்வுக் கேள்வி.

எத்தனை பேரிடம் தரவு வாங்க வேண்டும்? வழிகாட்டி 300 என்கிறார்.

கேள்வித்தாள் ஆய்வுக்கு அந்த எண் பொருந்தலாம். மதிப்பீட்டு ஆய்வில் ஆட்களின் எண்ணிக்கையைப் போலவே, ஒவ்வொருவரும் எத்தனை முறை மதிப்பிட்டார் என்பதும் கணக்கில் வரும். வில்லியம் சேஸும் ஹெர்பர்ட் சைமனும் 1973-இல் வெளியிட்ட புகழ்பெற்ற சதுரங்க ஆய்வில் பங்கேற்றவர்கள் மூன்றே பேர்: ஒரு தேர்ந்த வல்லவர், ஒரு நடுத்தர ஆட்டக்காரர், ஒரு புதியவர். உண்மையான ஆட்டத்தின் நிலையை ஐந்து நொடி காட்டி, காய்களை மீண்டும் அடுக்கச் சொன்னபோது வல்லவர் மிகவும் முந்தினார். காய்களைக் கண்டபடி கலைத்துக் காட்டியபோது அந்த முந்துதல் மறைந்துவிட்டது. நினைவாற்றல் பொதுவாக வளர்வதில்லை, பழகிய அமைப்புகளை அடையாளம் காணும் ஆற்றல்தான் வளர்கிறது என்பதை அந்தச் சோதனை காட்டியது. கலைத்த நிலையிலும் வல்லவர்களுக்குச் சிறிய முந்துதல் இருப்பதைப் பிற்காலத்தில் அதிகப் பேரைக் கொண்டு செய்த ஆய்வுகள் கண்டன. மூவரை வைத்துப் பெரிய உண்மையைத் தொட முடியும், நுண்ணிய வேறுபாட்டைப் பிடிக்க முடியாது என்பதற்கு இதுவே சான்று. தமிழ்நாட்டில் பள்ளிதோறும் சதுரங்கம் ஆடும் பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களில் பலருக்குத் தரப்புள்ளிகளும் உண்டு. இந்தச் சோதனையை இங்கே திரும்பச் செய்வதற்கு என்ன தடை?

மதிப்பிட்டவரின் தன்னம்பிக்கையையும் அளக்க வேண்டுமா?

கட்டாயம் அளக்க வேண்டும். ஸ்டூவர்ட் ஆஸ்காம்ப் 1965-இல் வெளியிட்ட ஆய்வில், உளவியலர்களும் மாணவர்களுமாக 32 பேர் ஒருவரின் வாழ்க்கைக் குறிப்பை நான்கு பகுதிகளாகப் படித்து, ஒவ்வொரு பகுதிக்குப் பின்னும் அதே 25 கேள்விகளுக்கு விடையளித்தார்கள். முதல் பகுதியிலிருந்து கடைசிப் பகுதிக்கு வரும்போது சரியான விடைகள் 26 விழுக்காட்டிலிருந்து 28-க்கு நகர்ந்தன. தன்னம்பிக்கையோ 33-இலிருந்து 53-க்கு ஏறியது. தகவல் பெருகப் பெருக அறிவு பெருகியதாக நமக்குத் தோன்றுவதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் ஆய்வு எனக்குத் தெரியாது.

அளக்கும் வழி 1950-இல் வானிலையாளர் கிளென் பிரையர் வகுத்தது. நாளை மழை வர 80 விழுக்காடு வாய்ப்பு என்று ஒருவர் சொல்லி மழை வந்தால், ஒன்றிலிருந்து 0.8-ஐக் கழித்து வர்க்கப்படுத்துங்கள்: 0.04. மழை வராவிட்டால் 0.8-இன் வர்க்கம்: 0.64. நாற்பது ஐம்பது கணிப்புகளின் சராசரியை எடுத்தால் அவருடைய மதிப்பு கிடைக்கும். எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. 80 என்று அவர் சொன்ன நாட்களில் உண்மையிலேயே பத்துக்கு எட்டு நாட்கள் மழை பெய்ததா என்றும் தனியே பாருங்கள்.

சில விவரங்களை எண்களாக்கிக் கணக்கிடும் எளிய சூத்திரமே நிபுணரை விஞ்சும் என்கிறார்களே, அது உண்மையா?

பல இடங்களில் உண்மை. பால் மீல் 1954-இல் இதை எழுதியபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. 2000-இல் வில்லியம் குரோவ் குழுவினர் 136 ஆய்வுகளைத் தொகுத்தபோது, 63 ஆய்வுகளில் சூத்திரம் முந்தியது, 65-இல் இரண்டும் ஏறக்குறைய சமம், 8-இல் மட்டுமே மனிதர் முந்தினார். ஆனால் எதைப் பார்க்க வேண்டும் என்பதைச் சூத்திரத்துக்குச் சொல்லிக் கொடுத்தவரும் நிபுணரே என்பதை மறந்து எழுதப்படும் ஆய்வேடுகள் எனக்கு வருத்தம் தருகின்றன. இருபது வயதுகளின் தொடக்கத்தில் இஸ்ரேல் ராணுவத்தில் பணியாற்றிய கானமன், வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நேர்காணலை மாற்றியமைத்தது நல்ல நடுவழி. ஆறு பண்புகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் உடனுக்குடன் மதிப்பெண் போடவைத்தார். எல்லாம் முடிந்த பிறகே, கண்ணை மூடிக்கொண்டு ஒட்டுமொத்த எண்ணத்துக்கும் ஒரு மதிப்பெண் போடச் சொன்னார். பழைய முறையைவிட இது நன்றாகப் பலித்தது. கடைசியில் போட்ட அந்த உள்ளுணர்வு மதிப்பெண்ணும் பயனுடையதாகவே இருந்தது.

பசித்த நீதிபதிகள் கடுமையாகத் தீர்ப்பளிப்பார்கள் என்ற ஆய்வை அடிப்படையாகக் கொள்ளலாமா?

படிக்கலாம், அதன் மறுப்பையும் சேர்த்துப் படிக்க வேண்டும். இஸ்ரேலியப் பரோல் வாரியங்களின் 1,112 முடிவுகளை ஆராய்ந்த 2011-ஆம் ஆண்டுக் கட்டுரை, உணவு இடைவேளைக்குப் பிறகு ஏறக்குறைய 65 விழுக்காடாக இருந்த சாதகமான முடிவுகள், அடுத்த இடைவேளை நெருங்கும்போது சுழியத்தை ஒட்டி இறங்குவதாகக் காட்டியது. அதே ஆண்டிலேயே வந்த மறுப்பு, வழக்குகள் குலுக்கல் முறையில் வருவதில்லை, வழக்கறிஞர் இல்லாத கைதிகளின் வழக்குகள் அமர்வின் இறுதியில் வரும் வழக்கம் உண்டு என்று சுட்டிக்காட்டியது. வரிசையை நீங்களே மாற்றி அமைக்க முடிந்தால் அமைத்துவிடுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

கல்லூரியின் நெறிமுறைக் குழுவிடம், தரவு திரட்டத் தொடங்குவதற்கு முன்பே. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டு நெறிகள் இதற்கு உதவும். பங்கேற்பாளர் எவருக்கும் அவர் தாய்மொழியிலேயே ஒப்புதல் படிவம் கொடுக்க வேண்டும், படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். பள்ளிப் பிள்ளைகளானால் பெற்றோரின் ஒப்புதலோடு பிள்ளையின் சம்மதமும் தேவை. ஒருவர் எவ்வளவு தவறாக மதிப்பிட்டார் என்ற செய்தி அவருடைய முதலாளிக்கோ தலைமையாசிரியருக்கோ போய்ச் சேரக் கூடாது. பெயருக்குப் பதில் எண் போடுங்கள். பெயரையும் எண்ணையும் இணைக்கும் தாளை வேறிடத்தில் பூட்டி வையுங்கள், வேலை முடிந்ததும் கிழித்துவிடுங்கள்.

எதிர்பார்த்த முடிவு வரவில்லை என்றால் ஆய்வேடு தோல்வியா?

இல்லை. 2015-இல் நூறு உளவியல் ஆய்வுகளை மீண்டும் செய்துபார்த்த பெருங்குழு, முதலில் 97 விழுக்காடு ஆய்வுகள் புள்ளியியல்படி குறிப்பிடத்தக்க முடிவு கண்டிருந்த இடத்தில், மறுமுறை 36 விழுக்காட்டில் மட்டுமே அப்படிக் கண்டது. எதிர்பார்த்த முடிவுகள் மட்டுமே அச்சேறியதும் அதற்கு ஒரு காரணம். தரவு திரட்டும் முன்பே கருதுகோளையும் கணக்கிடும் முறையையும் எழுதி, தேதியிட்டு, வழிகாட்டியிடம் கையொப்பம் வாங்கி வையுங்கள். பிறகு எந்த முடிவு வந்தாலும் உள்ளதை உள்ளபடி எழுதலாம்.

ஆய்வேட்டை ஒப்படைத்த பிறகு செய்ய வேண்டியது ஏதேனும் உண்டா?

பங்கேற்றவர்களிடம் திரும்பிப் போங்கள். ஆட்டு வியாபாரி ஒவ்வொருவருக்கும் அவருடைய எண்களை மட்டும் தாங்கிய ஒற்றைத் தாளைக் கொடுங்கள்: இடப்பக்கம் அவர் சொன்ன எடை, வலப்பக்கம் தராசு காட்டிய எடை. சிறிய குட்டிகளைக் கூட்டிச் சொல்கிறாரா, பெரிய கிடாய்களைக் குறைத்துச் சொல்கிறாரா என்பதை அவரே விரல் வைத்துப் படித்துக்கொள்வார். அந்தத் தாளின் பின்பக்கத்தைக் காலியாக விடுங்கள். அடுத்த சந்தையிலிருந்து அவரே எழுதத் தொடங்கலாம்.